மாப்பிள்ளை தொட்ட பிரேக்!

“கொலை... கொலை...!”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. அலறல் கேட்டுத் தெருவே வாசலுக்கு ஓடி வந்தது.

பிணத்தைத்தான் காணோம்!

செத்திருக்க வேண்டியவரே கராஜ் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. ரிட்டயர்டான பல் டாக்டர். எழுபத்திரண்டு வயதிலும் தொண்டை மட்டும் புத்தம் புதுசு.

“என்னைக் கொல்லப் பார்த்துட்டான்! என் சொந்த மாப்பிள்ளை!”

அவருக்குப் பின்னால் அந்தக் கார். ஐம்பது வருஷப் பழசு. உடம்பெல்லாம் கிளிப்பச்சை, முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படியொரு பளபளப்பு.

சாவி காரிலேயே தொங்கியது. டேஷ்போர்டில் பட்டாணி அளவுக்கு ஒரு லைட்.

சிவப்பு. பிரேக் எச்சரிக்கை லைட்.

எரிந்துகொண்டே இருந்தது...!

*

எட்டரை மணிக்கு அக்காவின் ஒர்க்‌ஷாப்பில் போன் அடித்தது.

ஊரில் பழைய கார் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அவள்தான் மெக்கானிக். வயது நாற்பத்து நாலு. அறுபது வயதுக்காரர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது போனில் கூப்பிட்ட இன்ஸ்பெக்டருக்கு மட்டும் அவள் நிஜமாகவே அக்கா. கூடப் பிறந்தவள்.

“அக்கா... உடனே கிளம்பி வா. கொலை முயற்சி.”

“யாரை?”

“பல் டாக்டரை.”

“அவர்கிட்ட வாயைத் திறந்து காட்டின யாராவதா இருக்கும். லிஸ்ட் எடு. நான் எதுக்குடா?”

“கத்தி இல்ல, துப்பாக்கி இல்லக்கா. ஆயுதமே காருதான். டூல் பாக்ஸை எடுத்துட்டு வா.”

அக்கா வந்து இறங்கியபோது கராஜில் ஒரு குடும்பமே இரண்டாகப் பிளந்து நின்றது.

ஒரு பக்கம் டாக்டர். இன்னொரு பக்கம், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை. ஒல்லி, கண்ணாடி, நூலகத்தில் வேலை. சத்தம் போட்டுப் பேசினால் தனக்குத்தானே அபராதம் போட்டுக்கொள்கிற ரகம். அவர் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள்.

நடுவில் டாக்டரின் மகள். அழுது மூக்கு சிவந்திருந்தது.

வாசற்படியில் டாக்டரின் மனைவி, டாக்டரம்மா. கையில் காபித் தட்டு. யாரும் எடுக்காததால் ஆறிக்கொண்டிருந்தது.

“நேத்து சாயங்காலம் ஜன்னல் வழியா பார்த்தேம்மா,” என்றார் டாக்டர். “காருக்கு அடியில ரெண்டு காலு! அந்தச் செருப்பை வாங்கிக் கொடுத்ததே நான்தான்!”

“அப்பவே கேட்டிருக்கலாமே டாக்டர்?”

“மத்தியானத் தூக்கம் கலையல. கனவுன்னு நினைச்சுட்டேன். காலையில சாவியைத் திருப்பறேன்... லைட் எரியுது! இன்னிக்கு மலைக்கு அந்தப் பக்கம் பழைய கார் கண்காட்சி. நான், என் மனைவி, பொண்ணு, பேத்தி... நாலு பேரும் இந்தக் கார்ல போறதா இருந்தோம்.”

“மாப்பிள்ளை?”

“அவன் பஸ்ல வருவான். போன வருஷம் கதவை அடிச்சு சாத்தினான். அதுலேர்ந்து அவனை ஏத்தறது இல்ல.”

“பார்த்தியா,” என்று இன்ஸ்பெக்டர் அக்காவின் காதைக் கடித்தார். “அவன் மட்டும் கார்ல இல்ல. மோட்டிவ் கூட ரெடி!”

மாப்பிள்ளை மெதுவாக வாயைத் திறந்தார். “நான் ரிப்பேர்தான் பண்ணேன்...”

“ரிப்பேர் பண்ணா லைட் அணையும்! நீ பண்ணதுக்கு எரியுது!”

மாப்பிள்ளை டேஷ்போர்டை எட்டிப் பார்த்தார். அதுதான் அவருக்கே புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால், தன்னையே சந்தேகப்படுகிறவர் மாதிரி இருந்தது.

மகள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பாவை நம்பறதா, அவரை நம்பறதா... ஒண்ணுமே தெரியலக்கா.”

“ரெண்டு பேரையும் நம்பாதே. நான் காரைக் கேக்கறேன்.”

இன்ஸ்பெக்டர் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “அக்கா, விளையாட்டு இல்ல. பெரிய அதிகாரிங்க பாதிப் பேருக்குப் பல் கட்டினவர் இவர். பிரேக்கைக் கழட்டினது நிஜம்னா, அந்த ஆளு பத்து வருஷம் உள்ளே. உன் வாயிலேர்ந்து வர்றதுதான் கேஸ்.”

“ஸ்டேஷன்லதான்டா நீ இன்ஸ்பெக்டர். பானெட்டைத் திறந்துட்டா நீ எனக்கு டார்ச் பிடிக்கிற தம்பி. பிடி.”

கான்ஸ்டபிள் கூரையைப் பார்த்தார். சிரிப்பை எங்காவது வைத்தாக வேண்டுமே!

*

“முதல்ல ஹேண்ட் பிரேக்கை இறக்கு.”

“எதுக்கு?”

“சில கார்ல ஹேண்ட் பிரேக் போட்டாலும் இதே லைட்தான் எரியும். அதுக்காக ஒருத்தரை ஜெயில்ல வைக்க முடியாதில்ல?”

இன்ஸ்பெக்டர் இறக்கினார்.

லைட் அணையவில்லை.

அக்கா பானெட்டுக்குள் குனிந்தாள். ஒரு பித்தளைக் கட்டை. அதற்குள் பிரேக் பைப்புகள் வந்து சேர்ந்தன. உச்சியில் சின்னதாக ஒரு சுவிட்ச். அதிலிருந்து ஒரே ஒரு வயர்.

வயரைப் பிடுங்கினாள்.

“லைட்?”

“அணைஞ்சிடுச்சு! கேஸ் குளோஸ்!”

“குதிக்காதே. வயர் கார் பாடியில எங்கேயும் உரசலன்னு மட்டும்தான் இதுக்கு அர்த்தம். லைட்டை எரிய வைக்கிறது சுவிட்ச்தான். அது பொய் சொல்லுதா, நிஜம் சொல்லுதான்னு இனிமேதான் தெரியும்.”

சுவிட்சைத் திருகிக் கழற்றினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஆயில் கசிந்த ஈரம் இல்லை. பேட்டரியில் டெஸ்ட் லேம்ப்பை மாட்டி, சுவிட்சின் மூக்கை அழுத்தினாள். லேம்ப் எரிந்தது. விட்டாள். அணைந்தது. இன்னும் நான்கு தடவை செய்தாள்.

“சுவிட்ச் சுத்தமான ஆளு. பொய் சொல்லல.”

டாக்டர் நிமிர்ந்தார். “அப்போ?”

“அப்போ, கீழே எதுவோ இதோட மூக்கை இடிச்சிருக்கு. டேய்... டார்ச்!”

சுவிட்ச் இருந்த ஓட்டைக்குள் வெளிச்சம் இறங்கியது.

“இங்க பாரு. முன் சக்கரத்துக்கு ஒரு லைன். பின் சக்கரத்துக்கு ஒரு லைன். நடுவுல ஒரு குட்டி பிஸ்டன். ரெண்டு பக்கமும் சமமா அழுத்தினா நடுவுலயே நிக்கும். ஒரு பக்கம் அழுத்தம் போச்சுன்னா, அந்தப் பக்கமா ஓடிடும். ஓடுறப்ப சுவிட்சை இடிக்கும். லைட் எரியும். அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல நீ நிக்கிற மாதிரின்னு வச்சுக்கோ.”

“உதாரணம் வேணாம்க்கா. எந்தப் பக்கம் ஓடியிருக்கு, அதைச் சொல்லு.”

அக்கா ஓட்டைக்கு மேல் குனிந்தாள்.

ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

பொய் சொல்ல அவளுக்கு வராது.

“பின்பக்கம்.”

“கேட்டுக்கோங்க!” டாக்டர் கை தட்டினார். “பின் பிரேக்கைக் காலி பண்ணிட்டான்!”

மகள் “ஐயோ!” என்றாள்.

மாப்பிள்ளை எழுந்தார். வாளி உருண்டது. இன்ஸ்பெக்டரின் கை இடுப்பிலிருந்த விலங்கைத் தேடிப் போனது...!

“நில்லுடா!”

கை நின்றது. சின்ன வயதிலிருந்தே அந்தக் குரலுக்கு நின்று பழகிய கை.

“பின்பக்கம் அழுத்தம் போயிருக்கு. சரி. எப்ப போச்சு, எதனால போச்சுன்னு பிஸ்டனுக்குச் சொல்லத் தெரியாது. நாமதான் கேக்கணும்.”

பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு அறை. முன் சக்கரத்துக்கான அறையில் ஆயில் பழுப்பு ஏறிக் கிடந்தது. பின் சக்கரத்துக்கான அறையில்...

பளிங்கு மாதிரி புது ஆயில். விளிம்பு வரைக்கும்!

அக்கா சிரித்துவிட்டாள்.

“டாக்டர்... உலகத்துல எந்தக் கொலைகாரனாவது பிரேக்கைக் கழட்டிட்டு, டப்பா நிறைய புது ஆயில் ஊத்தி வச்சுட்டுப் போவானா?”

டாக்டரின் வாய் திறந்தபடி நின்றது. மற்றவர்களின் வாயைத்தான் அவர் அப்படிப் பார்த்திருக்கிறார்.

அக்கா மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்க. முதல்லேர்ந்து. பயப்படாம.”

“நேத்து பாப்பாவோட பந்து காருக்கு அடியில போயிடுச்சு. எடுக்கக் குனிஞ்சேன். பின் சக்கரத்தோட உள்பக்கம் ஈரம். வழவழன்னு இருந்துச்சு. டப்பாவைத் திறந்தா, பின்னாடி அறை காலி! ஒரு சொட்டு இல்ல. விடிஞ்சா மலை இறக்கம்... பாப்பா போறா...”

“மாமனார்கிட்ட சொல்றதுதானே?”

“காரைத் தொடவே கூடாதுன்னு உத்தரவு. போன தடவை கண்ணாடியைத் துடைச்சதுக்கே மூணு மாசம் பேசல. அதான், அவர் தூங்கறப்ப காரோட ரிப்பேர் புக்கைப் பார்த்துப் பண்ணிட்டேன். வீல் சிலிண்டர் ரப்பரை மாத்தினேன். ஆயில் ஊத்தினேன். பின் சக்கரத்துல காத்தை வெளியே விடுற நிப்பிளைத் திறந்து, ஓடி ஓடிப் பெடலை மிதிச்சு லைன்ல இருந்த காத்தை எடுத்தேன்.”

“அங்கதான் பிஸ்டன் ஓடிப்போச்சு! நிப்பிளைத் திறந்து வச்சுட்டு மிதிச்சா, பின்பக்கம் அழுத்தம் இருக்காது. ஓடின பிஸ்டன் தானா நடுவுக்கு வராது. நாமதான் தள்ளி விடணும். அது புக்லயே இருக்குமே?”

“இல்லையே! பிரேக் அத்தியாயம் நாற்பது பக்கம். ரெண்டு தடவை படிச்சேன்.”

“சுவிட்ச் எந்த அத்தியாயத்துல இருக்கு?”

மாப்பிள்ளை வாளிக்குப் பக்கத்தில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பொருளடக்கத்தில் விரல் ஓடியது. நின்றது. காது மடல் சிவந்தது.

“எலக்ட்ரிக்கல்...”

“அதைப் படிச்சீங்களா?”

“அது வேற அலமாரின்னு விட்டுட்டேன்.”

“கதை நல்லா இருக்கு!” டாக்டர் இடைமறித்தார். “ரப்பரைத் தப்பா மாட்டியிருந்தா? இப்பவும் ஒழுகிட்டு இருந்தா? லைட் எரியுறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாமே!”

கேள்வி நியாயமானது. அக்காவுக்கே உள்ளே அந்தக் கவலை இருந்தது.

“சோதனை பண்ணிடலாம். பிஸ்டனை நடுவுக்குக் கொண்டு வந்து லைட்டை அணைப்பேன். அப்புறம் பெடலை பலம் கொண்ட மட்டும் மிதிப்போம். பின் பிரேக் நிஜமாவே காலின்னா, பிஸ்டன் திரும்ப ஓடும். லைட் எரியும். எரிஞ்சா... இவரைக் கூட்டிட்டுப் போடா. நான் தடுக்க மாட்டேன்.”

மகள் கணவனின் பக்கத்தில் போய் நின்றாள்.

அக்கா சுவிட்சை மாட்டினாள். வயரைச் செருகினாள். முன் சக்கரத்து நிப்பிளை ஸ்பேனரால் லேசாகத் திறந்தாள்; அந்தப் பக்கம் அழுத்தம் குறைந்தால்தான் பிஸ்டன் நடுவுக்குத் திரும்பும். இன்ஸ்பெக்டர் டிரைவர் சீட்டில்.

“மெதுவா மிதி. லைட் அணைஞ்ச நொடியே சொல்லு. ஒரு முடி அதிகமா மிதிச்சாலும் அந்தப் பக்கம் ஓடிடும்.”

“ம்...”

“மெதுவாடா...”

“அணைஞ்சிடு... ஐயோ, திரும்ப எரியுது!”

“போச்சு! முன்பக்கம் ஓடிடுச்சு. இது பிரேக் பெடலா, திருடன் வீட்டுக் கதவா? பூட்ஸைக் கழட்டு!”

இன்ஸ்பெக்டர் கழற்றினார். சாக்ஸின் ஓட்டை வழியாகச் சட்டம் ஒழுங்கின் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. கான்ஸ்டபிளின் கண் மறுபடியும் கூரைக்குப் போனது.

இந்தத் தடவை பின் சக்கரத்து நிப்பிள்.

“மெதுவா...”

“ம்...”

“இன்னும் கொஞ்சம்...”

“அணைஞ்சிடுச்சுக்கா!”

நிப்பிளை இறுக்கிவிட்டு அக்கா எழுந்தாள். டேஷ்போர்டைப் பார்த்தாள். இருட்டாக இருந்தது.

“இப்ப மிதி. உன் கோபத்தையெல்லாம் காட்டி மிதி.”

மிதித்தார்.

ஒரு நொடி... இரண்டு நொடி...

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தார்.

பத்து நொடி...!

லைட் எரியவில்லை. பெடல் கல்லாக நின்றது. அவர் காலை எடுக்காமலிருக்க, அக்கா பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தாள். அசையவில்லை. பிரேக் உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தது.

“டாக்டர்... இவர் உங்களைக் கொல்லப் பார்க்கல. உங்க நாலு பேரையும் காப்பாத்தியிருக்கார்.”

மகள் கணவன் தோளில் சாய்ந்து அழுதாள். இது வேறு அழுகை. டாக்டர் தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் போட்டுக்கொண்டார்.

*

“ஒரு நிமிஷம்!”

பூட்ஸை மாட்டிக்கொண்டே இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தினார். தம்பியாக இருந்தாலும் போலீஸ் புத்தி அல்லவா!

“பின்பக்கம் ஆயிலே இல்லாம கார் ஓடியிருக்கு. சுவிட்சும் நல்லா இருக்கு. அப்போ இந்த லைட் முன்னாடியே எரிஞ்சிருக்கணுமே... ஏன் எரியல?”

அக்காவே அசந்து போனாள். “நல்ல கேள்விடா. மாப்பிள்ளை... நேத்து நீங்க பார்த்தப்ப இந்த வயர் எப்படி இருந்துச்சு?”

“கழண்டு தொங்கிட்டிருந்துச்சு. நான்தான் செருகினேன். முனையில இது மாட்டியிருந்தது. எதோட பாகம்னு தெரியல. புக்லயும் படம் இல்ல.”

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் பின்வாங்கினார். “யாரோட ஈறுய்யா இது?”

ரோஸ் நிறத்தில், கட்டை விரல் நுனி அளவுக்கு, வழவழவென்று ஒரு துண்டு. பல் செட்டுக்கு ஈறு செய்கிற அதே பொருள். அதன் உள்ளே வயர் முனையின் அச்சு, கச்சிதமாக!

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள்.

“நான் இல்ல! சத்தியமா நான் இல்ல! அந்த லைட் நாலு மாசம் முன்னாடி ஒரு வாரம் எரிஞ்சுது. ஒரு நாள் பானெட்டைத் திறந்து முறைச்சுப் பார்த்தேன். மறுநாள் தானா அணைஞ்சிடுச்சு. நான் பார்த்த பார்வையிலேயே குணமாயிடுச்சுன்னு எல்லார்கிட்டேயும்...”

“நான்தான் கழட்டினேன்.”

வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

டாக்டரம்மா காபித் தட்டைக் கீழே வைத்தாள். முப்பது வருஷம் கணவரின் கிளினிக்கில் பல் செட் செய்து கொடுத்தவள். அந்த ஈறில் இருந்த நேர்த்தி அவள் கை நேர்த்தி.

“அந்த லைட் எரிய ஆரம்பிச்சதும் இவர் வளைவுக்கு வளைவு நிறுத்தினார். பானெட்டைத் திறப்பார். பார்ப்பார். ஒண்ணும் புரியாது. மூடுவார். ரெண்டு மணி நேர ஊருக்கு ஆறு மணி நேரம். ராத்திரி தூக்கத்துலயும் ‘லைட்டு, லைட்டு’ன்னு பினாத்தல். தாங்க முடியல. ஆனா நான் சும்மா கழட்டலம்மா. ஒரு மெக்கானிக்குக்கு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் கழட்டினேன்.”

“மெக்கானிக்கா!” அக்காவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “காரைப் பார்க்காம போன்லயே கழட்டச் சொன்னானா? யாரும்மா அந்தப் புத்திசாலி? பிரேக் லைன்ல கசிவு ஆரம்பிச்சதும் லைட் அதைத்தானே சொல்லியிருக்கு! அதோட வாயைப் பொத்தச் சொன்ன ஆளைத்தான் முதல்ல உள்ளே தள்ளணும்!”

“பொண்ணு குரல்தான். பின்னாடி ஒரே சுத்தியல் சத்தம். ‘பிரேக் பிடிக்குதா?’ன்னு கேட்டுச்சு. பிடிக்குதுன்னேன். ‘அப்போ சுவிட்ச்தான் கெட்டுப் போயிருக்கும். வயரைக் கழட்டுங்க, முனையை மூடி வைங்க, நேரம் கிடைக்கறப்ப கொண்டு வாங்க’ன்னுச்சு. நம்பர்கூட எழுதி வச்சிருக்கேன்.”

இடுப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுப் படித்தார்.

“ரெண்டு... ஏழு... ஏழு... நாலு...”

நின்றுவிட்டார்.

மீதி நம்பரைப் படிக்க அவருக்கு நோட்டு தேவையில்லை. ஏழு வயதிலிருந்து மனப்பாடம்.

அப்பா அக்காவிடம் விட்டுப் போன ஒர்க்‌ஷாப்பின் நம்பர்!

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. வாசலில் மூன்று கார் வரிசை. தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். பேர் கேட்கவில்லை, கார் எதுவென்று கேட்கவில்லை, அரை நிமிடத்தில் வைத்துவிட்டாள்.

வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. மலை இறக்கம்... பின் சீட்டில் ஒரு குழந்தை...

“அது நான்தான் டாக்டர்,” என்றாள். “சுவிட்ச் மேல பழியைப் போட்டேன். பார்க்காமலே. என்னை மன்னிச்சிடுங்க.”



டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். “நானும் பார்க்காமதானேம்மா மாப்பிள்ளை மேல போட்டேன்.”

அவர் மெதுவாக நடந்து போய், காரிலிருந்து சாவியை உருவி, மாப்பிள்ளையின் கையில் வைத்து மூடினார். “நீங்களே ஓட்டுங்க. நான் பின்னாடி பாப்பாவோட உட்கார்ந்துக்கறேன்.” தொண்டையைச் செருமினார். “கதவை மட்டும் மெதுவா...”

“சரி மாமா,” என்றார் மாப்பிள்ளை, நூலகக் குரலில்.

இன்ஸ்பெக்டர் புகார்த் தாளை நான்காக மடித்துக் கிழித்தார். அக்காவின் டூல் பாக்ஸைத் தானே தூக்கிக்கொண்டார்.

“கிண்டல் பண்றதா இருந்தா இப்பவே பண்ணிடுடா,” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சியபடி.

“கிண்டலா? பெருமைக்கா! குற்றவாளியே டூல் பாக்ஸோட வந்து, துப்பும் துலக்கி, வாக்குமூலமும் கொடுத்துட்டுப் போற வசதி வேற எந்த இன்ஸ்பெக்டருக்குக் கிடைக்கும்? அடுத்த கேஸ்லயும் நீயே ஏதாவது பண்ணிடு... எனக்கு அலைச்சல் மிச்சம்!”